மூலை இல்லாத வீடு

தெரெக்-சூ,
செப்டம்பர் 6, 1974

தாமிராவுக்கு உன் மாமியார் கான்ஷாயிம் எழுதுவது.

சுகமா என்று கேட்பதற்கு முன்னால், அன்றைக்கு நம் வாசலில் யார் யார் நின்றார்கள் என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும், 'நான் அங்கே இல்லவே இல்லை' என்று சொல்லக்கூடாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மகன் ஷேராலி. புதுச் செருப்போடு நீ. வண்டிக்காரன் ஜுமாபாய். பக்கத்து வீட்டுக் கலிச்சா. என் நாத்தனார் ஸைரா. உன் மாமனார். என் இடுப்பில் அய்பெரி. ஏழு வயசுப் பெண்ணை எவளாவது இடுப்பில் வைப்பாளா என்று கலிச்சா கேட்டாள். நான் வைப்பேன்.

ஷேராலி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜுமாபாய் விடாமல் ஹாரன் அடித்தான். கலிச்சா சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே, "நல்லதாப் போச்சு கான்ஷாயிம், இனிமேயாவது என் கோழிங்க நிம்மதியா முட்டை போடும்" என்றாள். ஸைரா, "இனி காலை நீட்டிப் படுங்க அண்ணி" என்றாள். படுக்க இடமில்லை என்று நான் சொன்னேனா? உன் மாமனார் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு குழந்தையின் காதில் என்னமோ சொன்னார். என்ன என்று கேட்டால், "ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டாதேன்னேன்" என்கிறார். அதற்கு எதற்குத் தொப்பி? நீயோ, நான் கொடுத்த முத்தம் காய்வதற்குள் கைக்குட்டையால் அவள் கன்னத்தைத் துடைத்தாய். எனக்கு எதுவும் மறக்காது.

முதல் பிள்ளை தாத்தா பாட்டிக்கு என்பது நம் வழக்கம். நீயே கொண்டுவந்து என் மடியில் போட்டாய். அன்றிலிருந்து அவளுக்கு நான் அம்மா, உன் மாமனார் அப்பா, ஷேராலி அண்ணன், நீ அண்ணி. நகரத்துப் பள்ளிக்கூடம் நல்லது என்று ஷேராலி சொன்னதால் அனுப்பினேன். படிக்கத்தான் அனுப்பினேன். முறை மாற்றுவதற்கு இல்லை.

அவளிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. முதுகைச் சொறிந்துவிட்டால்தான் தூங்குவாள். ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடமாட்டாள். கிண்ணத்தோடு நீ பின்னாலேயே போகவேண்டும். 'கூடாது' என்றால் அவளுக்கு விளங்காது. அந்த வார்த்தையை இங்கே கேட்டதில்லை.

உன் உடம்பு எப்படி? ஷேராலியின் இருமல்? உன் மாமனாரின் முழங்கால் பழையபடிதான். அவள் உன்னை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று எழுது.

கான்ஷாயிம்

*

ஃப்ரூன்ஸே நகரம்,
செப்டம்பர் 29, 1974

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் மகனின் இருமல் நின்றுவிட்டது. மாமாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு காட்டித் தேய்க்க வேண்டும்.

அய்பெரி முதல் நாளே வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டாள். ஆசிரியை நீனா பாவ்லோவ்னா எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "கீழ பால்காரர் குதிரை நிக்குது, யாருமே அதுக்குத் தண்ணி காட்டலை" என்றாளாம். மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்து, "உக்காருங்க தாத்தா, கால் வலிக்கும்" என்றாளாம். கையுறைகளை யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாள். யாருக்கு என்று அவளுக்கும் தெரியவில்லை.

அத்தை, நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். முப்பது பிள்ளைகளை ஒரே மணியடித்துத் தூங்கவைக்கிறேன். வீட்டிலும் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்: எழுவது, கழுவுவது, உட்கார்ந்து சாப்பிடுவது, பாடம், தூக்கம். மீறினால் சமையலறை மூலையில், சுவரைப் பார்த்து, செய்தது என்ன என்று தானே சொல்லும்வரை நிற்கவேண்டும். நான் அடிப்பதில்லை. கத்துவதும் இல்லை. பயப்பட வேண்டாம்.

முதுகு சொறிவதை மட்டும் நிறுத்தவில்லை.

உங்கள் மருமகள்
தாமிரா

*

தெரெக்-சூ,
அக்டோபர் 17, 1974

தாமிராவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு சுகம் எங்கே இருக்கிறது? தைலம் வந்தது. உன் மாமனார் தேய்த்துக்கொண்டு, "மருமக நல்லவ" என்கிறார். தைலத்துக்கு விலைபோன மனிதர்.

என் பெண் சுவரைப் பார்த்து நிற்பதா? சுவரில் என்ன இருக்கிறது பார்க்க? மனுஷ முகத்தைப் பார்த்து வளர்ந்தவள் அவள். கோடையில் மேய்ச்சல் மலையில் நாங்கள் போடுகிற கூடாரம் வட்டமானது என்று உனக்குத் தெரியும்தானே? அதில் மூலையே கிடையாது. எங்கே நின்றாலும் அடுப்பும் தெரியும், அம்மாவும் தெரியும். நம் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் மூலையில் நிற்காமலே மனிதர்களாகிவிட்டார்கள். நகரத்தில் மூலைகளைக் கட்டிவைத்துவிட்டு, அப்புறம் அதில் யாரை நிறுத்துவது என்று தேடுகிறீர்கள்.

ஜுமாபாய் வந்து ஒரு வண்டி விறகு இறக்கிவிட்டுப் போனான். "அன்னிக்கு நான் ஏன் ஹாரன் அடிச்சேன் தெரியுமாக்கா? எனக்கும் அழுகை வந்துடுச்சு" என்றான். அவனை மன்னித்துவிட்டேன். மற்றவர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். பெரிய ஜோடி உனக்கு. உன் கால் எப்போதும் சில்லென்றிருக்கும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. உன்னை எப்படிக் கூப்பிடுகிறாள்?

கான்ஷாயிம்

*

ஃப்ரூன்ஸே,
நவம்பர் 20, 1974

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

அனைவரும் நலம். காலுறை சரியான அளவு. நன்றி.

மூலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவள் அதைக் குதிரை லாயம் ஆக்கிவிட்டாள். சுவர்த்தாள் முழுவதும் பென்சிலால் குதிரைகள். இப்போது நான் நிறுத்தாமலே போய் நிற்கிறாள். "உனக்குத் தண்டனை ஒண்ணும் இல்லையே" என்றால், "குட்டிக்குப் பசிக்கும், பாத்துட்டு வரேன்" என்கிறாள். உங்கள் மகன் விழுந்து விழுந்து சிரித்ததால், அவரையும் ஒருமுறை மூலைக்கு அனுப்பினேன்.

உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வகுப்பை விட்டு எழுந்து போவதில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. நீலக் கிண்ணம் உடைந்துவிட்டது. யார் என்று கேட்டேன். பூனை என்றாள். எங்கள் வீட்டில் பூனை இல்லை. வந்த பூனையின் நிறம், மீசை, போன வழி எல்லாம் சொன்னாள். மூலையில் நிற்கவைத்தேன். அப்போதும் பூனைதான் என்றாள். இங்கே வந்த பிறகு அவள் சொன்ன முதல் பொய் இது. இதை உங்களிடம் மறைக்கலாமா என்று நினைத்தேன். முடியவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தாமிரா

*

தெரெக்-சூ,
டிசம்பர் 9, 1974

தாமிராவுக்கு,

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கோபம் வந்தால் எனக்குக் குளிர்கூடத் தெரிவதில்லை.

போன வருஷம் அவள் செய்ததைச் சொல்கிறேன், கேள். கூட்டுப்பண்ணைத் தலைவரின் குதிரைக்கு வாலை ஒட்ட வெட்டிவிட்டாள். நம்மில் எஜமான் செத்தால்தான் குதிரையின் வாலை வெட்டுவது. அந்தக் குதிரை தெருவில் போக, பார்த்த பெண்களெல்லாம் தலைவர் வீட்டு வாசலில் கூடி ஒப்பாரி வைத்துவிட்டார்கள். ஸைரா கன்னத்தைக்கூடக் கீறிக்கொண்டாள். தலைவர் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து, "யாரும்மா செத்தது?" என்று கேட்டார். அவரைப் பார்த்துத்தான் நிறைய பேர் பயந்தார்கள். அந்த நேரம் அய்பெரி வாலைக் கையில் பிடித்தபடி கூட்டத்துக்கு நடுவில் வந்து, "அம்மா, நான்தான் வெட்டினேன். அழகா இருக்கா?" என்றாள்.

பூனை வெட்டியது என்றாளா? சொல்லவில்லை. பொய் சொல்லவேண்டிய அவசியம் இங்கே அவளுக்கு வரவில்லை. நான் நிமிர்ந்த பிள்ளையாகக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் நீ அவளுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டாய். முப்பது பிள்ளைகளுக்கு மணியடிக்கிறவளுக்கு ஒரு பிள்ளையின் மனசு தெரியவில்லை. பெற்றால் மட்டும் போதுமா?

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கமாட்டேன். அப்படியே அனுப்புகிறேன்.

கான்ஷாயிம்

*

தெரெக்-சூ,
பிப்ரவரி 12, 1975

தாமிராவுக்கு,

பனிப்பொழிவால் கணவாய் அடைத்திருந்தது. போன வாரம் திறந்து தபால் வண்டி வந்தது. கலிச்சாவுக்கு மகனிடமிருந்து கடிதம், ஸைராவுக்குத் தங்கையிடமிருந்து கடிதம். நமக்கு இல்லை. உன் மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தபாலகத்துக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். வந்து தைலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளைப் பசு கன்று போட்டது. நெற்றியில் சுட்டி இருக்கிறது. இதை அய்பெரியிடம் சொல்.

குரூத் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை உலர்ந்த தயிர் உருண்டைகள் சின்னதாகவே வந்தன. உப்பு குறைத்தே போட்டேன். உனக்கு உப்பு ஆகாது.

ஸைரா தினமும் வந்து என்னோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அவளை மன்னித்துவிட்டேன். ஷேராலியையும். ஆண்பிள்ளை அழுகிற முகத்தை அம்மாவிடம் எப்படிக் காட்டுவான்?

எல்லோரும் சுகம்தானே?

கான்ஷாயிம்

*

ஃப்ரூன்ஸே,
மார்ச் 15, 1975

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

அனைவரும் நலம். எழுதாமல் இருந்ததற்குப் பனி காரணம் இல்லை. உங்களுக்குத் தெரியும்.

போன வாரம் நீனா பாவ்லோவ்னா வீட்டுக்கு வந்தார். புகார் சொல்லத்தான் வந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அய்பெரி யாரும் சொல்லாமலே போய்த் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துவந்து, கிண்ணத்தில் ஒரு மிடறு அளவு ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். ஆசிரியை குடித்தார். மறுபடி ஒரு மிடறு. மறுபடியும். "என்னம்மா, உங்க வீட்டுல தேநீர் குறைவா?" என்று கேட்டார் அவர். அதற்கு இவள், "இல்லைங்க டீச்சர். நிறைச்சு ஊத்தினா குடிச்சுட்டுக் கிளம்புங்கன்னு அர்த்தம். கொஞ்சமா ஊத்தினா இன்னும் இருங்கன்னு அர்த்தம். நீங்க இருங்க" என்றாள். ஆசிரியை அன்று இருட்டும்வரை இருந்தார். தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார், ஊரைப் பற்றிச் சொன்னார். புகாரைச் சொல்லாமலே போய்விட்டார்.

இது என் சுவரில் ஒட்டிய காகிதத்தில் இல்லை, அத்தை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லித் தரலை. அம்மா ஊத்துவாங்க, நான் பாப்பேன்" என்றாள்.

நீங்கள் இரண்டு முறை கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள். அம்மா என்று அவள் சொல்வது உங்களைத்தான். காப்பகத்தில் முப்பது பிள்ளைகளைக் கூட்டிப்போக முப்பது அம்மாக்கள் வருகிறார்கள். மாலையில் நான் அந்த வாசலில் நிற்கிறேன்.

கோடைக்குப் பள்ளி விட்டதும் அவளை மேய்ச்சல் மலைக்கு அனுப்புகிறேன். ஆகஸ்ட் முடியும்போது அவளையே கேளுங்கள். உங்களோடு இருப்பேன் என்றால், அங்கேயே பள்ளியில் சேருங்கள். நான் அழைக்க வரமாட்டேன். உங்கள் மகனையும் அனுப்பமாட்டேன்.

தாமிரா

*

தெரெக்-சூ,
ஏப்ரல் 8, 1975

தாமிராவுக்கு,

நாங்கள் மிகவும் சுகம்! உன் மாமனார் ஊன்றுகிற கம்பைத் தூக்கி எறிந்துவிட்டார். பிறகு தேடி எடுத்துக்கொண்டார். அவளுக்கென்று சாதுவான சாம்பல் குதிரையைப் பேசிவைத்திருக்கிறோம். தேநீர் விஷயத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். கலிச்சா, "என் கோழிங்களை எங்கயாவது ஒளிச்சு வெக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு, அய்பெரிக்கு முட்டை தர என்று ஒரு கூடையைத் தனியாக எடுத்துவைத்தாள். கலிச்சாவையும் மன்னித்துவிட்டேன்.

நீ எழுதியதைப் படித்தேன். ஆகஸ்டில் கேட்கிறேன். அவள் சொல்கிறபடி செய்வோம். நீ வார்த்தை மாறக்கூடாது.

கான்ஷாயிம்

*

மேய்ச்சல் மலையிலிருந்து,
ஜூலை 24, 1975

தாமிராவுக்கு,

குழந்தை சுகம். முதலில் அதை எழுதிவிட்டேன், இனி பயப்படாமல் படி.

இங்கே பகலெல்லாம் குட்டிகளைக் கட்டிவைத்துத்தான் தாய்க்குதிரைகளிடம் பால் கறக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். வந்த வாரமே அவள் எல்லாக் குட்டிகளையும் அவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு யாருக்கும் குடிக்கப் புளித்த குதிரைப்பால், குமிஸ், இல்லை. விருந்துக்கு வந்த ஆட்கள் வெறும் மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். நான் சிரித்தேன். "குட்டி அழுதிச்சு" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். உன் மாமனார், "அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் சொல்லவில்லை.

நேற்று மறுபடி அவிழ்த்தாள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாக் குட்டியும் தாயிடம் போயிற்று. நெற்றியில் சுட்டி உள்ள குட்டி ஒன்று மட்டும் பள்ளத்தாக்குப் பக்கம் ஓடிவிட்டது. அதைப் பிடிக்க இவளும் ஓடினாள். கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், என் குரல் எனக்கே திரும்பி வருகிறது. அங்கே ஓநாய் உண்டு. உன் மாமனார் முழங்காலை மறந்துவிட்டுக் குதிரையில் ஏறிப் போனார். பனி விலகிய பிறகு பார்த்தால், பாறை விளிம்பில் குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் ஓரடி வைத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

கூடாரத்துக்குள் கொண்டுவந்து விட்டதும் நான் கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. வெளியே நாய்கூட எழுந்து தள்ளிப் போய்விட்டது. "போய் மூலையில நில்லு!" என்றேன். அவள் அழவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள். கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். இன்னொரு சுற்று. என் முன்னால் வந்து நின்று, "அம்மா, மூலை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

உன் மாமனார் தாடிக்குள் சிரிக்கிறார். கடைசியில் அவளே போய், மடித்து அடுக்கிய மெத்தைகளைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே சொன்னாள்: "நான்தான் அவுத்தேன். பூனை இல்லை. குட்டி அழுதிச்சு, ஆனா பள்ளத்தை நான் நினைக்கலை."

அப்படியே நின்றாள். "வா, போதும்" என்றேன். வரவில்லை. "இன்னும் முடியலை. நான் சொல்லி முடிச்சா கட்டிப்பிடிக்கணும். அங்க அப்படித்தான்" என்றாள்.

அதை நீ எனக்கு எழுதவே இல்லை. சுவரை எழுதினாய், காகிதத்தை எழுதினாய். இதை ஏன் விட்டாய்? கட்டிப்பிடித்தேன்.

அப்போது என் காதில் ஒன்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். ஆகஸ்டுக்குக் காத்திராமல், எங்கே இருக்கப்போகிறாய் என்பதையும் கேட்டுவிட்டேன். அவள் பதில் உனக்கு வந்து சேரும்.

இன்று காலை அவளே குட்டிகளைக் கட்டினாள். முடிச்சு எனக்கே அவிழ்க்க வரவில்லை.

கான்ஷாயிம்

*

ஃப்ரூன்ஸே,
ஆகஸ்ட் 31, 1975

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக வந்து சேர்ந்தாள். கலிச்சா கொடுத்தனுப்பிய முட்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை. கடிதம் ஒழுங்காக எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நான் அழைக்க வரமாட்டேன் என்று எழுதியவள். ஆனாலும் பஸ் நிலையத்துக்கு விடிந்ததுமே போய்விட்டேன். ஜுமாபாய் அண்ணன் அவளை இறக்கிவிட்டார். கூட்டத்தில் என்னைத் தேடினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மலையில் குதிரையைக் கூப்பிடுகிற குரலில், "அம்மா!" என்றாள். பல பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை, அத்தை. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வந்து என் பாவாடையை இழுத்து, "உங்களைத்தான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து, இது எப்படி என்று கேட்டேன். "மலையில அவங்ககிட்ட, உங்களை அம்மான்னு கூப்பிட்டா கோவிச்சுப்பியான்னு கேட்டேன். மாட்டேன்னாங்க. அவங்க பெரிய அம்மா, நீங்க அம்மா. அப்பா அப்பவே சொன்னார், வண்டிகிட்ட" என்றாள். மாமா என்ன சொன்னார் என்று கேட்டால், "அது தொப்பிக்குள்ள சொன்னது" என்று சிரிக்கிறாள்.

சுவர்த்தாளை மாற்றப்போகிறோம். மூலையில் உள்ள குதிரைகளை மட்டும் விட்டுவிடுகிறோம்.

உங்கள்
தாமிரா

*

தெரெக்-சூ,
செப்டம்பர் 14, 1975

என் மகள் தாமிராவுக்கு,

சுகம். மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தாயிற்று. இந்த வீட்டில் நான்கு மூலை இருக்கிறது. இத்தனை வருஷம் கவனிக்கவில்லை. ஒன்றைப் பெருக்கி வைத்திருக்கிறேன், அடுத்த கோடைக்கு.

உன் மாமனாரை உட்காரவைத்துக் கேட்டேன், தொப்பிக்குள் என்ன சொன்னீர்கள் என்று. முதலில் ஜன்னல் என்றார். முறைத்தேன். அப்புறம்தான் சொன்னார்: "'உன்னைக் கூட்டிட்டுப் போறவதான் உன்னைப் பெத்தவ. அவளை அம்மான்னு கூப்பிட உனக்கு என்னைக்குத் தோணுதோ அன்னைக்குக் கூப்பிடு. ஆனா முதல்ல இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. கத்துவா, ஆனா சரின்னுதான் சொல்லுவா'ன்னேன்." ஒரு வருஷம்! நான் திரும்பத் திரும்ப எப்படிக் கூப்பிடுகிறாள் என்று கேட்டு எழுதும்போது, பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடவில்லை.

அன்றைக்கு வாசலில் நின்றவர்களில் ஜுமாபாயை மன்னித்தேன். ஸைராவை, ஷேராலியை, கலிச்சாவை மன்னித்தேன். முத்தத்தைத் துடைத்த உன்னையும் மன்னித்தேன். பிள்ளையின் முகத்தில் அன்றைக்குப் புழுதி இருந்தது, எனக்கும் தெரியும். ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அவருக்கு இப்போதெல்லாம் தேநீரை விளிம்புவரை நிறைத்தே ஊற்றுகிறேன். கிளம்பமாட்டேன் என்கிறார். குடித்துவிட்டு மறுபடி கிண்ணத்தை நீட்டுகிறார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. காகிதத்துக்கு வாய் இல்லை என்பதால் எழுதுகிறேன், நீயும் படித்துவிட்டு மறந்துவிடு. நான் சாகும்வரை மன்னிக்கப்போகாத அந்த மனிதன்: இசாபெக்.